"அதுவா வந்துச்சு" - கேட்காமல் வந்த கிரெடிட் கார்டின் வரலாறு

எங்கள் வீட்டு பீரோவில் ஒரு மஞ்சப்பை இருக்கிறது. ரேஷன் கார்டு, பத்திர நகல், என் ப்ளஸ் டூ மார்க் ஷீட் எல்லாம் அதற்குள்தான். போன மாதம் ஸ்காலர்ஷிப்புக்காக வருமானச் சான்றிதழைத் தேடிக் கொண்டிருந்தபோது பையின் அடியில் ஒரு காகிதக் கட்டு கிடைத்தது. மேலே போட்டிருந்த ரப்பர் பேண்டு உருகி காகிதத்தோடு ஒட்டிப் போயிருந்தது. பிரித்தால், ஒரு வங்கியின் கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்ட்டுகள். 2006, 2007ம் வருடத்தவை. மொத்தம் 11. கூடவே ஒரு கார்டு. அப்பா பெயர் தப்பான ஸ்பெல்லிங்கில். பின்பக்கம் கையெழுத்து போடும் வெள்ளைப் பட்டை காலியாக இருந்தது.

"ஏனுங்ப்பா, நீங்க கிரெடிட் கார்டெல்லாம் வெச்சிருந்தீங்களா?" என்று கேட்டேன்.

"நா எங்க கண்ணு வெச்சிருந்தேன். அதுவா வந்துச்சு" என்றார்.

அந்த "அதுவா வந்துச்சு" என்ற இரண்டு வார்த்தைக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. தேடித் தேடிப் படித்ததில் ஒரு வாரம் போனது. (காஸ்ட் அக்கவுண்டிங் அசைன்மெண்ட் அப்படியே கிடக்கிறது. அது வேறு கதை.) படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஊர். எங்கள் ஊர் அவிநாசிபாளையம். உடனே "ஓ, அவிநாசியா, பெரிய கோயில் இருக்குமே" என்பீர்கள். இல்லை. அது திருப்பூருக்கு வடக்கே. நாங்கள் திருப்பூரிலிருந்து தாராபுரம் போகும் ரோட்டில், பல்லடத்துக்கும் காங்கயத்துக்கும் நடுவே இருக்கிறோம். காலேஜில் மூன்று வருடமாக இதைத்தான் சொல்லிக் கொண்டிருக்கிறேன் :-)

அப்பா 2006ல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஒரு நாள் டை கட்டிய இரண்டு பையன்கள் கம்பெனிக்கே வந்து ஸ்டாஃப் எல்லாருக்கும் சம்பள அக்கவுண்ட் ஆரம்பித்துக் கொடுத்தார்களாம். எட்டு இடத்தில் கையெழுத்து. எல்லாம் இங்கிலீஷ். இரண்டு மாதம் கழித்து கூரியரில் ஒரு கவர் வந்தது. உள்ளே பளபளவென்று கார்டு. அப்பா ஏடிஎம் கார்டு மாதிரி இன்னொன்று என்று நினைத்து பீரோவில் வைத்து விட்டார். அதை வைத்து ஒரு டீ கூட வாங்கிக் குடிக்கவில்லை.

முதல் ஸ்டேட்மெண்ட்டில் ஆண்டுக் கட்டணம் 750 ரூபாய், அதற்கு அன்றைய சேவை வரி 12.24 சதவீதம். ஆக 841.80. அப்பா கட்டவில்லை. வாங்காத பொருளுக்கு யார் பணம் கட்டுவார்கள்? அடுத்த மாதம் தாமதக் கட்டணம் 300. அதற்கும் சேவை வரி. மொத்தத்துக்கும் மாதம் 2.95 சதவீதம் வட்டி. அந்த வட்டிக்கும் சேவை வரி. அடுத்த மாதம் மறுபடி தாமதக் கட்டணம்... 11வது ஸ்டேட்மெண்ட்டில் தொகை 5,079 ரூபாய். கூட்டு வட்டிக் கணக்கை நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தேன். ஆனால் அதற்கு இவ்வளவு நல்ல உதாரணத்தை எந்தப் பாடப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

பிறகு போன் வர ஆரம்பித்தது. வீட்டுக்கு இல்லை, கம்பெனி ஓனருக்கு. அந்த அவமானத்தை அப்பா இன்றும் முழுசாகச் சொல்ல மாட்டார். கடைசியில் ஒரு ஏஜெண்ட் வந்து "மூவாயிரம் குடுங்க, முடிச்சிரலாம்" என்றார். கொடுத்து முடித்தார்.

முடியவில்லை என்பது 2014ல் தெரிந்தது. நாலு பவர் டேபிள், ரெண்டு ஓவர்லாக் செகண்ட் ஹேண்டில் வாங்கி வீட்டுக்குப் பக்கத்திலேயே ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யலாம் என்று அப்பா 3 லட்சம் கடன் கேட்டு வேறொரு வங்கிக்குப் போனார். சிபில் ரிப்போர்ட்டில் பழைய கார்டு கணக்கு "செட்டில்டு" என்று நின்று கொண்டிருந்தது. நமக்கு அது நல்ல வார்த்தை மாதிரி தெரியும். வங்கிக்காரர்களுக்கு அதன் அர்த்தம், "இவர் முழுசாகக் கட்டாமல் பேரம் பேசி முடித்தவர்". கடன் கிடைக்கவில்லை. வெளியே ஃபைனான்ஸில் நூற்றுக்கு ரெண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினார். அதாவது வருடத்துக்கு 24 சதவீதம். வங்கியில் 12 சதவீதத்துக்குக் கிடைத்திருந்தால் வருடத்துக்கு 36,000 ரூபாய் மிச்சம். கேட்காத ஒரு பிளாஸ்டிக் அட்டைக்கு நாங்கள் கொடுத்த உண்மையான விலை அதுதான். 5,079 இல்லை.

சரி, வரலாற்றுக்கு வருகிறேன்.

பி.காம் முதல் வருடம் பிசினஸ் லா படித்தவர்களுக்கு ஒரு குதிரை ஞாபகம் இருக்கும். ஃபெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி, 1862, இங்கிலாந்து. மாமாவுக்கு மருமகனின் குதிரை வேண்டும். "30 பவுண்டு 15 ஷில்லிங் தருகிறேன், நீ பதில் போடாவிட்டால் குதிரை எனக்கென்று எடுத்துக் கொள்வேன்" என்கிற அர்த்தத்தில் கடிதம் எழுதினார். மருமகன் பதில் போடவில்லை. ஏலக்காரர் பிண்ட்லி தவறுதலாகக் குதிரையை வேறு யாருக்கோ விற்றுவிட்டார். "என் குதிரையை எப்படி விற்கலாம்" என்று மாமா வழக்குப் போட்டார். தோற்றார். பதில் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக் கொள்ள முடியாது என்றது நீதிமன்றம். மருமகன் மனதுக்குள் விற்க நினைத்திருந்தாலும் சரி, அதை மாமாவிடம் தெரிவித்திருக்க வேண்டும்.

நம் ஊரில் "மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி" என்று ஒரு சொலவடை உண்டு. பொண்ணு பார்க்கும் இடத்தில் சரியாக இருக்கலாம் (அதுவே சரியா என்பது தனி விவாதம்). வியாபாரத்தில் நம் ஆட்களும் அப்படி நடந்ததில்லை. காங்கயம் பக்கம் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். துண்டைப் போட்டு மூடி, அதற்குள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வெளியே ஒரு சத்தம் வராது. ஆனால் அந்தப் பக்கத்து விரல் பதில் சொல்லாமல் மாடு கைமாறாது.

1872ல் வந்த நம் இந்திய ஒப்பந்தச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொண்டால்தான் சம்மதம் (பிரிவு 13). அப்பா "ஏடிஎம் கார்டு" என்று நினைத்தார், வங்கி "கடன் கணக்கு" என்று நினைத்தது. இதில் ஒரே அர்த்தம் எங்கே இருக்கிறது?

ஆக, சட்டம் 150 வருடமாகத் தெளிவாகத்தான் இருந்திருக்கிறது. அப்புறம் எப்படி கார்டு "அதுவா" வந்தது? கிரெடிட் கார்டு என்ற தொழிலே அப்படித்தான் பிறந்தது!

1958 செப்டம்பர். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஃபிரெஸ்னோ என்ற விவசாய நகரம். பேங்க் ஆஃப் அமெரிக்கா அந்த ஊரில் 60,000 பேருக்கு ஒரே வீச்சில் தபாலில் கார்டு அனுப்பியது. யாரும் விண்ணப்பிக்கவில்லை. கவரைப் பிரித்தால் கார்டு, கூடவே சில நூறு டாலர் கடன் வரம்பு. காரணம் சிம்பிள். கடைக்காரர் "கார்டு வைத்திருக்கிறவர்கள் இல்லையே, நான் ஏன் மெஷின் வைக்கணும்" என்பார். ஜனங்கள் "வாங்குகிற கடை இல்லையே, நான் ஏன் கார்டு வாங்கணும்" என்பார்கள். கோழி முதலா முட்டை முதலா கதை. வங்கி கோழியையும் முட்டையையும் சேர்த்து தபாலில் அனுப்பிவிட்டது. இதற்கு இன்றும் "ஃபிரெஸ்னோ டிராப்" என்றே பெயர்.

இந்தத் திட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் ஜோசப் வில்லியம்ஸ் என்ற அதிகாரி. 4 சதவீதம் பேர் பாக்கி வைப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள். வைத்தது 22 சதவீதம். திருடிய கார்டு, தபாலிலேயே காணாமல் போன கார்டு, மோசடி எல்லாம் சேர்ந்து 88 லட்சம் டாலர் நஷ்டம். வில்லியம்ஸ் வேலையை விட்டுப் போனார். ஆனால் கார்டு போகவில்லை. சில வருடத்தில் லாபம் கொடுக்க ஆரம்பித்தது. 1976ல் அது பெயர் மாற்றிக் கொண்டது. அந்தப் புதுப் பெயர் விசா. ஆமாம், உங்கள் பர்ஸில் இருக்கும் அதே விசா.

நஷ்டக் கணக்கைப் பார்த்து மற்றவர்கள் பயந்திருக்க வேண்டும். எடுத்துக் கொண்ட பாடமோ வேறு. 1966 கிறிஸ்துமஸுக்கு முன்னால் சிகாகோ வங்கிகள் போட்டி போட்டுக் கொண்டு சுமார் 50 லட்சம் கார்டுகளை அனுப்பின. கைக்குழந்தைகளுக்குப் போனது, இறந்தவர்களுக்குப் போனது. ஒரே வீட்டுக்கு நாலைந்து போனது. தபால் பெட்டியிலிருந்து கார்டு திருடுவதே ஒரு தொழிலாகிவிட்டது. கேட்காதவர் பெயரில் கார்டு போய், யாரோ திருடிச் செலவு செய்து, பில் மட்டும் பெயருக்குரியவருக்குச் சரியாக வந்தது.

1970 அக்டோபரில் அமெரிக்கா சட்டம் போட்டது. விண்ணப்பம் இல்லாமலோ, கேட்காமலோ கிரெடிட் கார்டு கொடுக்கக் கூடாது. திருட்டுப் போன கார்டுக்கு உரியவரின் பொறுப்பு அதிகபட்சம் 50 டாலர். முடிந்தது. கார்டு அனுப்புவது நின்றது. அதற்குப் பதில் "உங்களுக்கு முன்கூட்டியே ஒப்புதல் ஆகிவிட்டது, கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்று கடிதம் அனுப்ப ஆரம்பித்தார்கள். பொருள் போனது, அழைப்பு வந்தது. அதை நிறுத்த 1996ல் இன்னொரு திருத்தம் வந்தது. வேண்டாம் என்பவர்கள் ஒரே ஒரு இலவச எண்ணுக்குப் போன் செய்தால் கிரெடிட் நிறுவனங்கள் அவர்கள் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். ஆக, கார்டுக்கு "கேட்டால்தான் வரும்" என்ற விதி. அழைப்புக்கு மட்டும் "வேண்டாம் என்று சொல்லாவிட்டால் வரும்" என்ற விதி. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக் கொள்ளுங்கள். நம் ஊர்க் கதை முழுக்க இதுதான்.

இந்தியாவில் 1980ல் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா கார்டு கொடுத்தது. வங்கி கொடுத்த கார்டுகளில் அதுதான் இங்கே முதல். பிறகு சிட்டி பேங்க் வந்தது. ஆனாலும் 90களின் கடைசி வரை கார்டு என்பது கோட்டு சூட்டுக்காரர்கள் விஷயம். 2000க்குப் பிறகுதான் தனியார் வங்கிகள் களத்தில் இறங்கின. பெட்ரோல் பங்க், சூப்பர் மார்க்கெட் வாசல், கம்பெனி கேட் என்று எங்கும் ஏஜெண்ட்டுகள். ஒரு கார்டு தள்ளினால் இவ்வளவு என்று கமிஷன். கமிஷன் கார்டு போவதற்குத்தான், வாடிக்கையாளர் புரிந்துகொண்டாரா என்பதற்கு இல்லை. எங்கள் கம்பெனிக்கு வந்த அந்த டை கட்டிய பையன்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் டார்கெட். அவர்களில் ஒருவன் பி.காம் முடித்தவனாகக்கூட இருந்திருப்பான்.

2005ல் தில்லி வழக்கறிஞர் ஹர்ஷ் பாதக் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குப் போட்டார். கடன் வேண்டுமா, கார்டு வேண்டுமா என்று வங்கிகளும் போன் கம்பெனிகளும் நேரம் காலம் இல்லாமல் அழைப்பது தனிமனித அந்தரங்கத்தில் தலையிடுவது என்று வாதம். அப்போது இது பலருக்குச் சிரிப்பாக இருந்திருக்கும். போன் வந்தால் வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று. ஆனால் நீதிமன்றம் அரசுக்கும் ரிசர்வ் வங்கிக்கும் நோட்டீஸ் அனுப்பியது.

அதே வருடம் நவம்பர் 21ம் தேதி ரிசர்வ் வங்கி கிரெடிட் கார்டுகளுக்கான வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. அதைப் படித்தபோது நான் இரண்டு முறை தேதியைச் சரிபார்த்தேன். கேட்காத கார்டு கொடுக்கக் கூடாது. மீறி சம்மதம் இல்லாமல் கொடுத்து, அதைச் செயல்படுத்தி, பில்லும் அனுப்பினால், அந்தத் தொகையை வங்கி உடனே ரத்து செய்ய வேண்டும். அது மட்டும் இல்லை, ரத்து செய்த தொகையைப் போல இரண்டு மடங்கை அபராதமாக அந்த நபருக்கே கொடுக்க வேண்டும். 

2005 நவம்பர். அப்பாவுக்குக் கார்டு வந்தது 2006.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 5,079 ரத்து ஆகியிருக்க வேண்டும். அதுபோல இரண்டு மடங்கு, 10,158 ரூபாய், அப்பா கைக்கு வந்திருக்க வேண்டும். சிபிலில் ஒரு கறுப்புப் புள்ளியும் விழுந்திருக்காது. இதற்கு வக்கீல் வேண்டாம். முதலில் வங்கிக்குப் புகார் எழுதி, ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையில் இருந்த வங்கி குறைதீர்ப்பாளருக்கு (ஆம்பட்ஸ்மேன்) வெள்ளைத் தாளில் ஒரு கடிதம் எழுதினால் போதும். கட்டணம் இல்லை. 2006 ஜனவரியில் அமலுக்கு வந்த புதிய திட்டத்தில் கிரெடிட் கார்டு புகார்களையும் சேர்த்திருந்தார்கள். எல்லாம் தயாராக இருந்தது. அவிநாசிபாளையத்தில் ஒரு கட்டிங் மாஸ்டருக்கு அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. வங்கி அனுப்பிய 11 ஸ்டேட்மெண்ட்டில் ஒன்றிலாவது அந்த விதி அச்சாகியிருக்கிறதா என்று பொடி எழுத்து உட்பட தேடினேன். வட்டி விகிதம் மூன்று இடத்தில் இருந்தது.

இதை அப்பாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஓனருக்குப் போன் பண்ணாம இருந்திருந்தாலே போதும்" என்றார். 10,158ஐப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. (அடியாள் வைத்துக் கடன் வசூலிக்கக் கூடாது என்று ஒரு வாகனக் கடன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007ல் கடுமையாகச் சொன்னது. வசூல் ஏஜெண்ட்டுகளுக்கான ரிசர்வ் வங்கி விதிகள் 2008ல் வந்தன. நமக்கு அதுவும் லேட்.)

இனி போன் கதை. இது கொஞ்சம் காமெடி.

2005 விதிகளிலேயே ஒவ்வொரு வங்கியும் "அழைக்க வேண்டாம்" பட்டியல் ஒன்று வைத்திருக்க வேண்டும் என்று இருந்தது. இருபது வங்கி என்றால் இருபது பட்டியல். எந்த மனிதன் இருபது வங்கிக்கும் எழுதிப் போடுவான்? அதனால் 2007 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) நாடு முழுக்க ஒரே பட்டியல் என்று விதி கொண்டுவந்தது. அந்த அக்டோபரில் பட்டியல் தொடங்கியது. 1909 என்ற எண்ணுக்குச் சொன்னால் உங்கள் எண் அதில் ஏறும். ஏறுவதற்கே 45 நாள். அதற்குப் பிறகும் அழைத்தால் டெலிமார்க்கெட்டருக்கு முதல் முறை 500 ரூபாய், அடுத்து 1,000. டெலிமார்க்கெட்டர் 500 ரூபாய்க்கா பயப்படுவார்?

2010 ஆகஸ்டில் அன்றைய நிதி அமைச்சர் பிரணாப் முகர்ஜி, விலைவாசி விவகாரமாக எதிர்க்கட்சித் தலைவர்களோடு பேசிக் கொண்டிருந்தபோது அவர் செல்போன் அடித்தது. எடுத்தால், வீட்டுக் கடன் வேண்டுமா என்று கேட்டார்கள்! நாட்டின் பட்ஜெட் போடுகிறவருக்கே லோன். பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. கோடிக்கணக்கான பேருக்கு வந்த போன் செய்தி ஆகவில்லை, அவருக்கு வந்த ஒரே ஒரு போன் செய்தியானது. அது அப்படித்தான்.

அந்த டிசம்பரில் டிராய் புதிய விதிகளை வெளியிட்டது. டெலிமார்க்கெட்டர்களுக்கு 140ல் தொடங்கும் தனி எண். இரவு 9 மணி முதல் காலை 9 மணி வரை வணிக அழைப்பு கூடாது. விளம்பரங்களை ஏழு வகையாகப் பிரித்து வேண்டியதை மட்டும் பெறலாம். முதல் வகையே வங்கி, காப்பீடு, கிரெடிட் கார்டு தான். 140 எண்கள் தயாராகாமல் தேதி தள்ளித் தள்ளிப் போய், 2011 செப்டம்பர் 27ல் அமலுக்கு வந்தது. ஒரு சிம்மில் ஒரு நாளைக்கு இவ்வளவு எஸ்எம்எஸ் தான் என்ற கட்டுப்பாடும் அப்போது வந்ததே. காதலித்துக் கொண்டிருந்த அண்ணன்மார்களுக்கு ஞாபகம் இருக்கும். வங்கி கார்டு விற்றதற்கு அவர்கள் தண்டனை அனுபவித்தார்கள்.

இந்த 2010 விவாதத்தில் ஒரு முக்கியமான விஷயம் நடந்தது, அதிகம் பேர் கவனிக்கவில்லை. "அழைக்க வேண்டாம்" என்பவர்கள் பட்டியலுக்குப் பதிலாக, "அழைக்கலாம்" என்பவர்கள் பட்டியல் வைத்தால் என்ன என்று டிராய் தன் ஆலோசனை அறிக்கையிலேயே கேட்டிருந்தது. அதாவது பதிவு செய்யாதவர் யாரையும் தொடக் கூடாது. மௌனம் என்றால் "வேண்டாம்" என்று அர்த்தம். மாட்டுச் சந்தை விதி. கடைசியில் அது எடுபடவில்லை. தொழில் படுத்துவிடும், எத்தனையோ பேர் வேலை போகும் என்ற கவலை. பழையபடி, சொல்லாதவர் எல்லாம் சம்மதித்தவர். என் கருத்து, மொத்த வரலாற்றிலும் கையில் வந்து நழுவிய இடம் அதுதான். 1970ல் அமெரிக்கா கார்டுக்கு ஒரு விதி, அழைப்புக்கு ஒரு விதி என்று விட்ட அதே ஓட்டையில் நாமும் விழுந்தோம்.

விளைவு? 140 எண்ணைப் பார்த்தால் ஜனங்கள் எடுப்பதில்லை. எனவே பதிவே செய்யாமல் சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து அழைக்க ஆரம்பித்தார்கள். 2018ல் அடுத்த விதிகள் வந்தன. செய்தி அனுப்பும் நிறுவனம், அதன் பெயர்த் தலைப்பு, செய்தியின் வாசகம், நம் சம்மதம் எல்லாம் பிளாக்செயின் மாதிரியான ஒரு பொதுப் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்றார்கள். 2024 ஆகஸ்டில், பதிவு செய்யாமல் விளம்பர அழைப்பு செய்கிறவர்களின் இணைப்புகள் எல்லாவற்றையும் துண்டித்து இரண்டு வருடம் கறுப்புப் பட்டியலில் வைக்கச் சொன்னார்கள். 2025 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பிறகு விளம்பர எஸ்எம்எஸ் தலைப்பின் கடைசியில் "பி" என்ற இங்கிலீஷ் எழுத்து இருக்கும். கவனித்துப் பாருங்கள். புகார் செய்ய மூன்று நாள் என்று இருந்ததை ஏழு நாள் ஆக்கினார்கள். பூனையும் எலியுமாக 18 வருட ஓட்டம்.

நடுவில் கார்டுகளின் எண்ணிக்கையே ஒரு கதை சொல்கிறது. 2008 மார்ச்சில் இந்தியாவில் சுமார் 2.75 கோடி கிரெடிட் கார்டு இருந்தது. 2012 மார்ச்சில் சுமார் 1.76 கோடி. நாலு வருடத்தில் ஏறக்குறைய ஒரு கோடி கார்டு மாயம். உலக நெருக்கடி ஒரு காரணம்தான். ஆனால் கண்ணை மூடிக் கொண்டு கொடுத்ததில் வாராக்கடன் ஏறி, வங்கிகளே பின்வாங்கியதும் காரணம். ஃபிரெஸ்னோ பாடத்தை 50 வருடம் கழித்து நம் காசில் மறுபடி படித்தார்கள். பிறகு மெல்ல ஏறி, 2024 தொடக்கத்தில் 10 கோடியைத் தாண்டியது.

2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி விதிகளை இன்னும் இறுக்கியது. இரண்டு மடங்கு அபராதம் அப்படியே நீடித்தது. கார்டு வந்து 30 நாளுக்குள் நாம் அதைச் செயல்படுத்தவில்லை என்றால், வங்கி ஓடிபி மூலம் சம்மதம் கேட்க வேண்டும். நாம் கொடுக்கவில்லை என்றால் ஏழு வேலை நாளில் கணக்கைக் கட்டணமில்லாமல் மூட வேண்டும். நன்றாகக் கவனியுங்கள். பதில் சொல்லாவிட்டால் மூட வேண்டும்! மௌனத்துக்கு இங்கே "வேண்டாம்" என்று அர்த்தம் வந்துவிட்டது. (இந்த ஓடிபி விதிக்கு மட்டும் வங்கிகள் நேரம் கேட்டு அக்டோபர் 1 வரை தள்ளிப் போட வைத்தன.) பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லி ஏழு வேலை நாளில் மூடவில்லை என்றால் நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பதும் இதில் வந்ததுதான்.

2006ல் இந்த 30 நாள் விதி இருந்திருந்தால் அப்பாவின் கார்டு இரண்டாவது மாதமே தானாகச் செத்திருக்கும். அப்பா ஒன்றுமே செய்திருக்க வேண்டாம். இரண்டு மடங்கு அபராதம் படித்தவனுக்கு, எழுதத் தெரிந்தவனுக்கு உதவும். எதுவும் தெரியாமல் பீரோவில் வைத்துவிட்டவரைக் காப்பாற்றுவது 30 நாள் விதிதான்.

க்ளாஸ்மேட்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது கார்டு கூரியரில் வருவதில்லை, ஆப்பில் வருகிறது. பேலன்ஸ் பார்க்கப் போனால் "உங்களுக்கு ஒப்புதல் ஆகிவிட்டது" என்று திரை முழுக்க ஒரு பெட்டி. "வேண்டும்" பெரிய பச்சைப் பொத்தான். "பிறகு பார்க்கலாம்" சாம்பல் நிறத்தில் மூலையில். "வேண்டாம்" என்று ஒரு பொத்தானே இருக்காது. இப்படி ஏமாற்றி அழுத்த வைக்கும் 13 வகை வடிவமைப்புகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்டுத் தடுத்தது. ஆனால் ஓடிபி போட்டது நம் விரலாக இருந்தால், பிறகு "அதுவா வந்துச்சு" என்று சொல்ல முடியாது. போன வருடம் என் ஃப்ரெண்ட் ஒருத்தன் மாலில் ஒரு ட்ராலி பேக்குக்கு ஆசைப்பட்டு ஓடிபி சொன்னான். பேக்கின் சக்கரம் ஒரு மாதத்தில் கழன்றது. கார்டு இன்னும் இருக்கிறது.

போன புதன்கிழமை சாயங்காலம் அப்பாவுக்கு 140ல் ஒரு போன். ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் ஒரு பெண் நல்ல தமிழில், "சார், உங்களுக்கு லைஃப்டைம் ஃப்ரீ கார்டு அப்ரூவ் ஆகியிருக்குங்க சார்" என்றார்.

"நா கேக்கவே இல்லீங்களே" என்றார் அப்பா.

"கேக்காமலே அப்ரூவ் ஆயிருக்குங்க சார்!"

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். பிறகு, "எனக்கு வேண்டாங்கம்மா. வேண்டாம்னு சொன்னதா எழுதிக்குங்க" என்றார். வைத்துவிட்டு, தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் அந்த எண்ணையும் மணியையும், கீழே "வேண்டாம்னு சொல்லியாச்சு" என்றும் எழுதினார். 1909க்கு நான் புகார் போட்டேன். தாள் மஞ்சப்பைக்குள் போயிருக்கிறது.